சில்லறையாகச் சிந்தும் அந்தரங்கம்

2013 அக்டோபர் 24. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓடும் ஆசெலா விரைவு ரயிலில் ஒருவர் செய்தியாளர்களுடன் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தார். தன் பெயரைப் போட வேண்டாம், 'முன்னாள் மூத்த அதிகாரி' என்று மட்டும் குறிப்பிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அதே பெட்டியில் இருந்த ஓர் அரசியல் செயற்பாட்டாளருக்குக் குரலும் முகமும் யாருடையவை என்று பிடிபட்டுவிட்டது. காதில் விழுந்ததையெல்லாம் உடனுக்குடன் ட்விட்டரில் எழுதத் தொடங்கினார். பேசிக்கொண்டிருந்தவர் மைக்கேல் ஹைடன். உலகத்தின் தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்கும் என்.எஸ்.ஏ. அமைப்புக்கு ஆறு ஆண்டுகள் தலைமை வகித்தவர், பிறகு சி.ஐ.ஏ.வுக்கும் தலைவராக இருந்தவர். என்.எஸ்.ஏ. எப்படியெல்லாம் வேவு பார்க்கிறது என்று எட்வர்டு ஸ்னோடன் அம்பலப்படுத்தி அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ரகசியம் காப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், ரயில் பெட்டியில் தன் பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று எப்படி நம்பினார்? அவருக்கு ஆபத்தின் வழிகள் தெரியாதவையல்ல. ஆனால் அவர் மனத்தில் இருந்தவர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த செய்தியாளர் மட்டுமே. சுற்றிலும் இருந்த பயணிகள் அவர் கணக்கிலேயே வரவில்லை. பொது இடத்தில் அந்தரங்கத்தைக் கைவிடும் எல்லோருக்கும் நிகழ்வது இதுதான். யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதோ அவரிடமிருந்து மறைக்கிறோம். கூட்டத்தை மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் எந்த ரயிலிலும் பேருந்திலும் இது அன்றாடக் காட்சி. விழுப்புரம் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரரின் ஊர், வேலை, வீட்டுக்கடன் தவணை, மச்சினனோடு இருக்கும் சொத்துத் தகராறு எல்லாம் பெட்டிக்கே தெரிந்துவிடும். "நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க" என்று வங்கிக் கணக்கு எண் ஒவ்வோர் இலக்கமாக வரும். பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. எதிர்முனையில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்காததால் எல்லாம் இன்னும் உரக்க இரண்டாம் முறை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மறுமுனையில் இருக்கும் அக்கா தன் கருப்பையில் கட்டி இருப்பதாக மருத்துவர் சொன்னதைத் தம்பியிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பார். எழுபத்திரண்டு பேர் உட்காரும் பெட்டியில் தன் குரல் ஒலிப்பது அவருக்குத் தெரியாது.

கேட்காமல் இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அது அவ்வளவு எளிதல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கவனம் தேவைப்படும் வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு மூன்று வகைப் பேச்சுகளைக் கேட்கவைத்தார்கள்: இருவர் உரையாடல், ஒருவர் தொடர்ந்து பேசுவது, தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சு மட்டும். கவனத்தைக் கலைத்தது மூன்றாவதுதான். விடுபட்ட பாதியை ஊகித்து நிரப்ப மூளை தானாகவே முயல்கிறது. அருகில் இருப்பவர் ஒட்டுக்கேட்க விரும்பாவிட்டாலும் அவர் மனம் அந்தக் கதையைப் பின்தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். நேரில் இருவர் பேசிக்கொண்டால் காதில் விழுந்தும் விழாமல் போய்விடும் பேச்சு, கைபேசியில் ஒருவர் பேசும்போது நினைவில் தங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கம், கூட்டத்தின் மீது மனிதர்கள் வைத்த நம்பிக்கைக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. முன்பின் தெரியாதவரிடம் மனிதர்கள் மனம் திறப்பதைச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1908இலேயே கவனித்து எழுதினார். அந்நியருக்கு நம் சொந்தபந்தம் யாரையும் தெரியாது. சொன்னது நம் வட்டத்துக்குள் திரும்பி வராது. எர்விங் காஃப்மன் 1963இல் இன்னொன்றை விளக்கினார். பொது இடத்தில் ஒருவரையொருவர் பார்த்ததும் பார்க்காததுபோல் நடந்துகொள்வது நகரத்து மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை. இந்த இரண்டின் மேலும்தான் பொது இடத்து நிம்மதி நின்றது: அந்நியர் கண்டுகொள்ள மாட்டார், கண்டுகொண்டாலும் ஸ்டேஷன் வந்ததும் இறங்கி, மறந்துவிடுவார்.

அந்த அந்நியர் கையில் இப்போது கேமராவும் பதிவுக் கருவியும் இருக்கின்றன. கேட்டதைத் தேடிப்பார்க்க இணையம் இருக்கிறது. பேசியவரின் ஊரும் வேலையும் பெயரின் ஒரு பகுதியும் தெரிந்தால் முகநூலில் ஆளைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். சூழல் மாறிய பிறகும் பழைய நம்பிக்கை அப்படியே நீடிப்பதில்தான் சிக்கல்.

சின்னச் சின்னத் தகவல்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை லடான்யா ஸ்வீனி 1990களில் நிரூபித்துக் காட்டினார். அப்போது அவர் மாணவி. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டிருந்தன. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அப்படியே விடப்பட்டிருந்தன. கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அதோடு ஒப்பிட்ட ஸ்வீனி, அன்றைய ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு எது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மூன்று தகவல்களைக் கொண்டே அமெரிக்க மக்கள்தொகையில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே அடையாளம் காண முடியும் என்பது அவர் 2000இல் வெளியிட்ட கணக்கு. மூன்றில் எதுவும் ரகசியமல்ல. எந்த விண்ணப்பத்திலும் நாம் யோசிக்காமல் எழுதித் தருபவைதான்.

இந்திய ரயில்வே பல ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்றை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். முன்பதிவுப் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியின் கதவருகிலும் ஒட்டினார்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தப் படுக்கை, எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் எல்லாம் அதில் இருக்கும். தனியாகப் பயணம் செய்யும் இளம்பெண் எந்தப் படுக்கையில் இருக்கிறாள் என்பது நடைமேடையில் நின்றிருந்த எவருக்கும் தெரியும். 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் இந்த வழக்கம் சோதனை முறையில் நிறுத்தப்பட்டது. காகிதமும் செலவும் மிச்சம் என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். பெண்களின் பாதுகாப்பு அந்தப் பேச்சில் பெரிதாக அடிபடவில்லை. மக்களின் அலட்சியத்தைக் குறைசொல்லும் முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தரங்கத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க மக்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் அலுவலகங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ரேஷன் கடை வரிசையிலும் அரசு மருத்துவமனைச் சீட்டு வழங்கும் இடத்திலும் உரக்கக் கேட்கிறார்கள், உரக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கத் தெரியாத முதியவர் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துப் பணம் எடுத்துத் தரச்சொல்வதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

வழி இருப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். துணிக்கடையில் பில் போடும் இடத்தில் முதல் கேள்வி, "மொபைல் நம்பர் சொல்லுங்க". பெரும்பாலானோர் பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் அது கேட்கிறது. சட்டை வாங்க எண் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "நம்பர் போடாம பில் வராது" என்ற பதில் வரும். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. கல்லாவில் இருக்கும் பையனுக்கும் அது தெரியாது, வாங்க வந்தவருக்கும் தெரியாது.

மனிதர்கள் தங்கள் தகவலுக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பதை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெஸ்ஸாண்ட்ரோ அக்விஸ்டி தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு வணிக வளாகத்தில் சோதித்தார். ஆய்வு 2013இல் வெளியானது. சிலருக்கு 10 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். அதில் அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது பதிவாகாது. வேறு சிலருக்கு 12 டாலர் அட்டை. அதில் வாங்கியது பெயரோடு பதிவாகும். விரும்பினால் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள்ளலாம். முதலில் 10 டாலர் அட்டை கிடைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு டாலர் கூடுதலாக வரும் என்றாலும் மாற்றவில்லை. முதலில் 12 டாலர் அட்டை கிடைத்தவர்களில், இரண்டு டாலரை விட்டுக்கொடுத்து அந்தரங்கத்தைத் திரும்பப் பெற முன்வந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வித்தியாசம் இரு தரப்பிலும் அதே இரண்டு டாலர்தான். கையில் இருக்கும்போது அந்தரங்கத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஏற்கெனவே போய்விட்டது என்றால் அதை மீட்கக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. எண்ணைக் கேட்பது எல்லாக் கடைகளிலும் வழக்கமாகிவிட்ட ஊரில், மக்கள் எல்லோரும் இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். எப்படியும் எல்லார்கிட்டயும் நம்ம நம்பர் இருக்கு, இவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு அங்கிருந்து வருவது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் நடந்த சோதனை இன்னும் கவலை தருவது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், நண்பர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் தரும்படி கேட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், தந்தால் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள பீட்சா கிடைக்கும் என்றார்கள். அந்தரங்கத்தை மிகவும் மதிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள்கூட பீட்சாவுக்காக முகவரிகளைக் கொடுத்தார்கள். கொடுத்தது அவர்களுடையது அல்ல, நண்பர்களுடையது.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்தின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். கண்ணாடித் தடுப்பில் கடையின் வாட்ஸ்அப் எண் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும். வருகிறவர்கள் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு அனுப்புகிறார்கள். "அண்ணா, அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி." கடைக்காரர் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, கோப்பை இறக்கி, பிரிண்ட் கொடுக்கிறார். பத்து ரூபாய் கைமாறுகிறது. அனுப்பியவர் போய்விடுகிறார், கோப்பு போவதில்லை. அது டவுன்லோட்ஸ் பகுதியில், அதற்கு முன்பு வந்தவர்களின் கோப்புகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. சரியாக விழாத பிரதி மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கணினி பழுதுபார்க்கப் போகும், விற்கப்படும். அட்டைப்பெட்டியில் சேர்ந்த காகிதம் எடைக்குப் போகும்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். பொதுக் கணினியில் ஆதாரை இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது அது. உரிமம் பெறாத தங்கும் விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கிவைக்க அனுமதி இல்லை என்றும் சொன்னது. அதுவரை எத்தனை லாட்ஜ் வரவேற்பறைகளில் நகல் கொடுத்திருக்கிறோம் என்று நாடே கணக்குப் பார்க்கத் தொடங்கியபோது, இரண்டே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்பு இருக்கிறது, வழக்கமான முன்னெச்சரிக்கை போதும் என்றது அரசு. அறிவுரை சரியானது, பின்வாங்கியதுதான் பெரிய தவறு. லாட்ஜ்கள் இன்றும் நகல் கேட்கின்றன.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2018 ஜூலை 28 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அப்போதைய தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று சவால் விட்டார். ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்தவர் அவர். சில மணி நேரத்தில் அவருடைய கைபேசி எண், முகவரி, பிறந்த தேதி, பான் எண் எல்லாம் இணையத்தில் வந்தன. சிலர் அவர் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டினார்கள். இவையெல்லாம் முன்பே பொதுவெளியில் இருந்தவைதான், தனக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை என்பது சர்மாவின் வாதம். ஆனாலும் இப்படி ஆதார் எண்ணை வெளியிட வேண்டாம் என்று ஆணையமே அடுத்த சில நாட்களில் மக்களுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது.

சர்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஓர் எண்ணால் மட்டும் கணக்கிலுள்ள பணம் போய்விடாது. தீங்கு வேறு வழியாக வருகிறது. 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடக்கும் மோசடியைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் எச்சரித்தார். போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைப்பவரை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட நம்பிவிடுகிறார்கள். அழைத்தவர் முதலில் அவர்களுடைய முழுப் பெயரைச் சொல்கிறார். பிறகு முகவரி. பிறகு ஆதார் எண். இவ்வளவும் தெரிந்தவர் அரசாங்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பயந்துபோன மனம் முடிவு செய்கிறது. கடையில் சொன்ன எண்ணும், லாட்ஜில் கொடுத்த நகலும், பார்சல் பெட்டியில் கிழிக்காமல் எறிந்த முகவரிச் சீட்டும் மோசடிக்காரருக்குத் திருட்டுச் சாவியாக அல்ல, நம்பகமான சீருடையாகப் பயன்படுகின்றன. நம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்க 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாத்தி' தளத்தைத் தொடங்கியதும் இதே ஆபத்தை உணர்ந்துதான்.

ஆவணங்களோடு மட்டும் இது நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020 மார்ச்சில் தன் விமானப் பயணச் சீட்டின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொண்டு விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குள் போன ஓர் இளைஞர், அந்தப் பக்கத்தின் நிரல்வரிகளிலிருந்து அபாட்டின் கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டார். நல்லவேளையாக அவர் அதை அரசுக்கும் நிறுவனத்துக்கும் தெரிவித்தார். ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத்தைச் சேர்ந்த யான் கிரிஸ்லர், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லாயனின் பெருவிரல் ரேகையைச் செய்தியாளர் சந்திப்புப் படங்களிலிருந்தே மறுவார்ப்பு செய்ததாக 2014 டிசம்பரில் அறிவித்தார். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் நாட்டில் இதைத் தொலைதூரச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. 2018இல் தெலங்கானாவில் கைதான ஒரு சிம் விற்பனையாளர், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்து சிம் கார்டுகளை இயக்கினார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறைவாகவே தென்படுகிறார்கள்.

தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுப்பதில் மிக வேதனையானது குழந்தைகள் விஷயம். மஞ்சள் நீராட்டு விழா என்று தெருமுனையில் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனரை தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. பட்டுப்புடவையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் ஆளுயரப் படம், பெயர், பெற்றோர் பெயர், மண்டபம், தேதி. கீழே வரிசையாக மாமாக்களின் முகங்கள். தன் உடலில் நிகழ்ந்த மாற்றத்தையே இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளாத சிறுமி, மறுநாள் அந்த பேனரைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். முன்பு இந்தச் சடங்கு உறவுக்கும் தெருவுக்கும் தெரிந்திருந்தது. இன்று பேனரைக் கைபேசியில் படம்பிடிக்கிற யாரிடமும் அந்தப் படம் இருக்கும். பெற்றோர் இதை அன்போடுதான் செய்கிறார்கள். அவளிடம் கேட்பதில்லை. பள்ளிச் சீருடை தெரிய முதல் நாள் படம், தேர்வு மதிப்பெண், மருத்துவமனைப் படுக்கையில் எடுத்த படம் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகிறவையும் இதே வகைதான்.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? அந்தரங்க உரிமையின் இந்திய வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தன்னைத் தொந்தரவின்றி விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை இருக்கிறது என்றது. திருமணம், தாய்மை, குடும்பம், கல்வி பற்றி அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. ஆனால் தானாக முன்வந்து சர்ச்சைக்குள் நுழைபவரின் நிலை வேறு என்று ஒரு விலக்கும் அதில் இருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் அந்த உரிமை உண்டு என்பது பெரிய வார்த்தை.

அதன் வழியே வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விதிமீறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, கடையில் கேட்கும் கைபேசி எண்ணுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். ஆனால் அதன் மூன்றாம் பிரிவு இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது. ஒருவர் தன் தகவலைத் தானே பொதுவெளியில் வெளியிட்டிருந்தால் அந்தத் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் தரவைக் கையாள்வதற்கும் பொருந்தாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தரவை நிறுவனம் எடுக்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது ஒன்பதாம் பிரிவு. பெற்றோரே அதை வெளியிடும்போது குழந்தைக்காகப் பேச அந்தச் சட்டத்தில் யாரும் இல்லை.

பிரான்ஸ் இந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், பிள்ளையின் அந்தரங்கத்தைக் காப்பதைப் பெற்றோரின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பிள்ளையின் படத்தை வெளியிடுவதுபற்றித் தாயும் தந்தையும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குள் உடன்பாடு இல்லையென்றால், மற்றவரின் அனுமதியின்றி ஒருவர் படங்களை வெளியிடக் கூடாது என்று நீதிபதி தடை விதிக்கலாம். தமிழ்நாட்டில் பேனர் வைப்பதை முறைப்படுத்த விதிகள் உண்டு. அளவு, இடம், அனுமதி எல்லாம் அவற்றில் வருகின்றன. படத்தில் இருக்கும் சிறுமியின் சம்மதம் வருவதில்லை.